செலவாகாத யூனிட்டின் விலை

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ரம்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு காகித ஆலை. அதற்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை ஆலைக்குள் இருந்த ஜெனரேட்டர்களே தந்தன. வெளியிலிருந்து, அதாவது கிரிட்டிலிருந்து, வாங்குவது கொஞ்சம்தான். 2007-ல் அந்த ஆலை, நியூ இங்கிலாந்து மின்கட்டமைப்பை நடத்தும் அமைப்பின் ஒரு திட்டத்தில் சேர்ந்தது. தேவை ஏறும் நேரத்தில் கிரிட்டிலிருந்து எடுப்பதைக் குறைத்தால், குறைத்த அளவுக்குப் பணம் உண்டு. குறைத்தது எவ்வளவு என்று சொல்ல ஓர் ஒப்பீடு வேண்டுமே? சேர்ந்தவுடன் வரும் சில வேலை நாள்களின் நுகர்வுதான் அந்த ஒப்பீடு.

அந்தச் சில நாள்களில் ஆலை தன் ஜெனரேட்டர்களின் உற்பத்தியைத் தணித்துக்கொண்டு, கிரிட்டிலிருந்து வழக்கத்தைவிட மிக அதிகமாக வாங்கியது. கணக்கெடுப்பு முடிந்ததும் ஜெனரேட்டர்கள் பழையபடி ஓடின. ஆலையில் ஒரு இயந்திரம்கூட நிற்கவில்லை, ஒரு ஷிஃப்டும் மாறவில்லை. ஆனால் காகிதக் கணக்கில் அது தினமும் மின்சாரத்தைக் 'குறைத்து'க்கொண்டிருந்தது. அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக ஃபெர்க், இதை மோசடி என்று கண்டது. 2013-ல் சமரசத்துக்கு வந்த ஆலை 1 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. திட்டத்தில் பெற்ற 28 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையையும் திருப்பித் தந்தது. அதே மாநிலத்தின் லிங்கன் காகித ஆலைக்கு 50 லட்சம் டாலர், ரம்ஃபோர்டு ஆலைக்கு ஆலோசனை சொன்ன நிறுவனத்துக்கு 75 லட்சம் டாலர் என அதே ஆண்டில் அபராதங்கள் தொடர்ந்தன.

இதில் மீட்டர் ஒருமுறையும் பொய் சொல்லவில்லை. ஓடிய யூனிட்டுகளை அது சரியாகவே பதிந்தது. பொய் நுழைந்த இடம், ஓடாத யூனிட்டுகளை எப்படி எண்ணுவது என்று ஒப்பந்தம் சொன்ன சில வரிகளில். கணக்கெடுப்பு நாள்களில் சொந்த ஜெனரேட்டர் வழக்கம்போல் ஓடியாக வேண்டும் என்று விதியில் எங்கே எழுதியிருக்கிறது என்பதே அபராதத்தை எதிர்த்தவர்களின் வாதமாக இருந்தது. போதாததற்கு, குறைப்பு ஏற்கப்பட்ட நாள்களின் நுகர்வு ஒப்பீட்டுக் கணக்கில் சேராது என்று இன்னொரு விதி. நியாயமான விதிதான், குறைத்த நாளையே வழக்கமான நாளாக எடுத்துக்கொண்டால், குறைத்தவருக்குத் தண்டனையாகிவிடும். ஆனால் தினமும் குறைப்பதாக முன்வந்து, தினமும் அது ஏற்கப்பட்டால்? பழைய, ஊதிய எண் மாறவே மாறாது. ஒரு நல்ல ஷரத்து இன்னொரு நல்ல ஷரத்தோடு சேர்ந்து ஓட்டையானது.

டிமாண்ட் ரெஸ்பான்ஸ் என்று மின்துறையில் சொல்லப்படும் இந்தத் திட்டங்களின் பொருளாதாரம் எளிது. கோடை மாலை நான்கு மணிக்கு எல்லோரும் ஏ.சி. போடுகிறார்கள். அந்தச் சில மணி நேரத்துக்காக ஒரு மின்நிலையத்தைக் கட்டி ஆண்டு முழுக்கச் சும்மா வைத்திருப்பதைவிட, ஒரு குளிர்பதனக் கிடங்கையோ எஃகு ஆலையையோ இரண்டு மணி நேரம் தணிந்து ஓடச் சொல்லிப் பணம் கொடுப்பது மலிவு. அறிவிப்பு வரும், ஆலை தணியும், பணம் கைமாறும். சிக்கல் வாங்கப்படும் சரக்கில் இருக்கிறது. மின்நிலையம் 10 மெகாவாட் தந்ததா என்பதை அதன் மீட்டரே சொல்லிவிடும். ஆலை 10 மெகாவாட் குறைத்ததா என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. ஆலை எடுத்ததை மீட்டர் காட்டும். எடுத்திருக்கக்கூடியதை ஒப்பந்தம்தான் காட்ட வேண்டும். அந்தக் கற்பனை எண்ணுக்குத்தான் பேஸ்லைன் என்று பெயர். அடிப்படை நுகர்வு என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

ஷரத்தின் சொற்கள் எவ்வளவு பணத்தைத் தூக்கிப்போடும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஒரு ஆலையின் கடந்த பத்து வேலை நாள்களில், பிற்பகல் 2 முதல் 3 வரையிலான நுகர்வு கிலோவாட்டில் இப்படி: 820, 860, 900, 780, 840, 880, 910, 800, 870, 940. பதினோராம் நாள் குறைக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. அன்று அதே மணி நேரத்தில் மீட்டர் காட்டியது 760. ஆலை குறைத்தது எவ்வளவு?

பத்து நாள் சராசரி என்று ஒப்பந்தம் சொன்னால் அடிப்படை 860, குறைப்பு 100. பத்தில் மிக உயர்ந்த ஐந்து நாள்களின் சராசரி என்றால் அடிப்படை 900, குறைப்பு 140. அறிவிப்பு நேரம் தொடங்குவதற்குச் சற்று முன் மீட்டர் காட்டியதே ஒப்பீடு என்றால், அப்போது 890 ஓடியிருந்ததாக வைத்துக்கொள்வோம், குறைப்பு 130. இனி, அன்று வெயில் கடுமை. காலை நேரத்தில் வழக்கமாக 800 ஓடும் ஆலை அன்று 880 ஓடியது. அந்த 80-ஐப் பத்து நாள் சராசரியோடு கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து இருந்தால் குறைப்பு 180. கூட்டாமல் விகிதமாக, 10 விழுக்காடு உயர்த்திக்கொள்ளலாம் என்றால் 186. மீட்டர் ஒன்று, ஆலை ஒன்று, நாள் ஒன்று, விடைகள் ஐந்து. குறைந்த விடைக்கும் கூடிய விடைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

இவை யாரும் பயன்படுத்தாத ஏட்டுச் சூத்திரங்கள் அல்ல. நியூயார்க் பத்தில் உயர்ந்த ஐந்தை எடுக்கிறது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களுக்கான பிஜேஎம் கட்டமைப்பும், ஜப்பான் அரசின் வழிகாட்டு நெறிகளும் ஐந்தில் உயர்ந்த நான்கைத் தரமாக வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா பத்து நாளையும் எடுத்து, காலைத் திருத்தத்துக்கு மேலும் கீழும் 20 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. தென் கொரியா ஐந்தில் உயர்ந்த நான்கையோ, பத்தில் இருமுனையும் நீக்கிய நடு ஆறையோ ஏற்கிறது. உயர்ந்த நாள்களை மட்டும் எடுப்பது வாடிக்கையாளருக்குச் சலுகை காட்டுவதாகத் தோன்றும். அதில் ஒரு நியாயமும் உண்டு. குறைக்கச் சொல்லி அழைப்பது பெரும்பாலும் வெயில் கொளுத்தும் நாளில்தான்; அந்த நாளோடு ஒப்பிட, மிதமான நாள்களைவிடச் சூடான நாள்களே பொருத்தம். ஒரே சீராக ஓடும் சிமெண்ட் ஆலைக்கு இந்த நியாயம் பொருந்தாது. வாரத்துக்கு ஒரு விதமாக ஓடும் எஃகு உருக்காலைக்கு எந்தச் சராசரியும் பொருந்தாது. அதனால்தான் பிஜேஎம்மில் சூத்திரத்தை வாடிக்கையாளரின் பழைய நுகர்வின் மீதே ஓட்டிப்பார்த்து, பிழையின் அளவு 20 விழுக்காட்டுக்குள் அடங்கினால்தான் ஏற்பது என்று வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய ஷரத்து இதுதான் என்பேன்; பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

அன்றைய நிலைக்கான திருத்தம் தனியாகப் பேச வேண்டியது. சூத்திரத்தின் துல்லியத்தை மிகவும் கூட்டுவதும் அதுவே, ஏமாற்ற மிக எளிதாக இடம் தருவதும் அதுவே. காலை 10 மணிக்கு அறிவிப்பு வந்து, பகல் 12 முதல் 2 வரை ஓடியதை வைத்து அடிப்படையைத் திருத்துவார்கள் என்றால், அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லா இயந்திரத்தையும் போட்டுவிடுவது யாருக்கும் தோன்றும் யோசனை. கெட்ட எண்ணம்கூட வேண்டாம். குளிர்பதனக் கிடங்கின் மேலாளர் பிற்பகலில் கம்ப்ரசரை நிறுத்த வேண்டுமென்றால், அதற்கு முன்பே கிடங்கை நன்றாகக் குளிரவைத்துக்கொள்வார். அது நல்ல நிர்வாகம். அதே செயல் அவருடைய அடிப்படையையும் உயர்த்திவிடுகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். அறிவிப்பு வந்தவுடன் பொறுப்பாக முன்னதாகவே ஷிஃப்டைக் கலைத்துவிட்ட ஆலைக்கு, காலை நுகர்வு குறைந்துபோனதால் அடிப்படை இறங்கி, உண்மையான குறைப்புக்கே பணம் கிடைக்காமல் போகும். ஆகவே திருத்தத்துக்கான நேரம் அறிவிப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். திருத்தம் மேலும் கீழும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்கு உச்சவரம்பு வேண்டும். முந்தைய நாளே அறிவிப்புத் தரும் திட்டங்களில் முதல் நிபந்தனையை நிறைவேற்றவே முடியாது.

பிரிட்டனில் 2022-23 குளிர்காலத்தில் வீடுகளுக்கே இந்தத் திட்டத்தைத் திறந்துவிட்டார்கள். ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தபின் எரிவாயுத் தட்டுப்பாடு வருமோ என்ற பயம். கட்டமைப்பு நிர்வாகம் சோதனை நேரங்களில் குறைக்கும் யூனிட்டுக்கு 3 பவுண்டு உறுதி விலை கொடுத்தது. 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் சேர்ந்தன. 22 முறை அழைத்ததில் 3,300 மெகாவாட் மணிக்கு மேல் குறைந்ததாகக் கணக்கு. ஒரு பெரிய நாட்டின் மின்கணக்கில் இது சிறு துளி. இருந்தாலும் வீட்டாரை நம்பலாம் என்று காட்டியது. அங்கும் அடிப்படை, முந்தைய நாள்களின் சராசரியோடு அன்றைய திருத்தமும் சேர்ந்ததுதான். சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு விலை கிடைக்கும் மாலைக்குச் சற்று முன்னால் துணி உலர்த்தியையும் அடுப்பையும் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்த வீட்டுக்காரர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

ஊகமாகச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் 2005 கோடையில் வீடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. அறிவிக்கப்பட்ட நாள்களில், வழக்கமான அளவுக்குக் கீழே குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 35 சென்ட் தள்ளுபடி. ஸ்டான்ஃபோர்டின் பொருளியலாளர் ஃபிராங்க் வோலக் தரவுகளை ஆராய்ந்தார். அறிவிப்பு நாள்களின் உச்ச நேரத்தில் 12 விழுக்காடு குறைந்தது. திட்டம் வேலை செய்தது. கூடவே, அறிவிப்பு இல்லாத நாள்களில் இதே வீடுகள் மற்ற வீடுகளைவிடக் கூடுதலாக எடுத்ததற்கான தடயமும் இருந்தது. 'வழக்கமான அளவு' அந்த நாள்களிலிருந்துதான் கணக்கிடப்பட்டது.

ஏமாற்றே இல்லாவிட்டாலும் பணம் கசியும் வழி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஷரத்தின் ஓர் ஓரத்தில், ஒற்றை வரியாக இருக்கும். 'குறைப்பு எதிர்மறையாக வந்தால் பூஜ்யமாகக் கொள்ளப்படும்.' படிக்க நியாயமாகத் தெரிகிறது. அறிவிப்பு நாளில் கொஞ்சம் கூடுதலாக எடுத்தவரிடம் பணம் கேட்க முடியாதுதானே. ஆனால் இரண்டு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எதையும் குறைக்கவில்லை. சூத்திரத்தின் தற்செயல் பிழையால் ஒன்று 50 கிலோவாட் குறைத்ததாகவும், மற்றது 50 கூடுதலாக எடுத்ததாகவும் கணக்கு வருகிறது. சேர்த்துப் பார்த்தால் பூஜ்யம், சரியான விடை. தனித்தனியாகப் பார்த்து எதிர்மறையைப் பூஜ்யமாக்கினால், நடக்காத 50-க்குப் பணம் போகிறது. கடைகள் ஆயிரமானால் இந்தக் கசிவும் ஆயிரத்தோடு வளரும். கலிஃபோர்னியா 2001 மின்நெருக்கடியின்போது அறிவித்த 20/20 திட்டம், முந்தைய கோடையைவிட 20 விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி தந்தது. எதுவும் செய்யாமலேயே, வீட்டில் ஆள் குறைந்ததாலும் கோடை மிதமாக இருந்ததாலும் தள்ளுபடி பெற்றவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். 2005-ல் மீண்டும் வந்த அதே திட்டத்தைப் பொருளியலாளர் கொய்ச்சிரோ இட்டோ ஆராய்ந்தபோது, வெயில் மிகுந்த உட்பகுதிகளில் சுமார் 4 விழுக்காடு குறைப்பும், கடலோரப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றும் இல்லாததும் தெரியவந்தது. தள்ளுபடி இரு பகுதிகளுக்கும் போனது.

பல சிறு வாடிக்கையாளர்களைத் திரட்டி ஒரே விற்பனையாளராகச் சந்தைக்கு வரும் நிறுவனங்கள் இருப்பதன் பயன் இங்கே தெரியும். மொத்தத் தொகுப்பின் அளவில் குறைப்பைக் கணக்கிட்டால், தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கணக்கை எந்த அளவில் போடுவது என்ற ஒரே ஷரத்து, எந்த நுட்பமான சூத்திரத்தையும்விட அதிகம் சாதிக்கும்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு சொத்துரிமைக் கேள்வி. ஃபெர்க் 2011-ல் 745-ஆம் உத்தரவைப் பிறப்பித்தது. குறைக்கப்படும் மெகாவாட்டுக்கும் உற்பத்தியாகும் மெகாவாட்டுக்கும் மொத்தச் சந்தையில் ஒரே விலை தர வேண்டும் என்பது அதன் சாரம். மின்நிலைய உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் உத்தரவு செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலனா கேகன். அதிகாரம் ஆணையத்துக்கு உண்டா என்பதைத்தான் நீதிமன்றம் முதன்மையாகப் பார்த்தது. ஹார்வர்டின் வில்லியம் ஹோகன் போன்ற பொருளியலாளர்களின் மறுப்பு வேறு இடத்தில் இருந்தது. குறைக்கிறவர் அந்த மின்சாரத்தை முதலில் வாங்கியிருந்தால் அதைத் திருப்பி விற்க அவருக்கு முழு உரிமை உண்டு. வாங்காமலேயே முழு விலைக்கு விற்றால், விலையையும் பெறுகிறார், கட்டணத்தையும் மிச்சப்படுத்துகிறார். இரட்டை ஆதாயம். சட்டத்தில் ஆணையம் வென்றது. ஒப்பந்தம் எழுதுகிறவருக்கு ஹோகன் தரப்பின் வாதமே பயன் மிக்கது என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால் அது ஒரு சோதனையைக் கையில் தருகிறது: இந்த அடிப்படை எண் உயர்ந்தால் வாடிக்கையாளருக்கு ஏதாவது செலவு உண்டா? ரம்ஃபோர்டில் அந்த எண்ணை உயர்த்த ஆன செலவு, சில நாள்களுக்கு வெளி மின்சாரம் வாங்கியது மட்டும். அதன்பின் எல்லாம் வரவு. பிஜேஎம்மின் திறன் சந்தையில், அதாவது தேவைப்படும்போது தயாராக இருப்பதற்கே பணம் தரும் சந்தையில், வேறு வகை ஒப்பந்தம் உண்டு. அங்கே வாடிக்கையாளர் இவ்வளவு குறைப்பேன் என்று சொல்வதில்லை. அழைத்தால் இந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடுவேன் என்று ஒரு மட்டத்தைச் சொல்கிறார். அவருக்குப் பணம் கிடைப்பது, முந்தைய ஆண்டு கட்டமைப்பின் மிக உயர்ந்த ஐந்து மணி நேரங்களில் அவர் எடுத்ததற்கும் இந்த மட்டத்துக்கும் உள்ள இடைவெளிக்கு. அந்த ஐந்து மணி நேர எண் ஒரு பழைய நுகர்வுக் கணக்குதான். ஊதிக்காட்ட முடியாததா என்றால் முடியும். ஆனால் அவர் கட்ட வேண்டிய திறன் கட்டணமும் அதே எண்ணை வைத்துத்தான். விற்பனைக்காக ஊதினால் கொள்முதல் பில்லும் ஊதும். அறிவிப்பு நாளன்று சரிபார்ப்பதற்கோ சூத்திரமே வேண்டாம். மட்டம் 500 கிலோவாட். மீட்டர் 480 காட்டியதா, 530 காட்டியதா? தீர்ந்தது.

2011-ல் இதே சந்தையில் பெரிய தகராறு ஒன்று நடந்தது. ஒரு ஆலை திறன் கட்டணம் கட்டுவது 10 மெகாவாட்டுக்கு என்று கொள்வோம். அறிவிப்பு நாளில் அது 14-ல் ஓடிக்கொண்டிருந்து 10-க்கு இறங்குகிறது. 4 மெகாவாட் குறைத்தேன் என்று காசு கேட்கலாமா? திரட்டு நிறுவனமான எனர்னாக், கேட்கலாம் என்றது. கண் முன்னால் குறைந்ததே. பிஜேஎம் முடியாது என்றது. கட்டமைப்பு இந்த ஆலைக்காக வாங்கிவைத்திருக்கும் திறனே 10 மெகாவாட்தான், அந்த அளவுக்கு இறங்கியதில் யாருடைய திறனும் மிச்சமாகவில்லை. ஃபெர்க் பிஜேஎம்மின் விதிமாற்றத்தை ஏற்றது. குறைப்பு உண்மையிலேயே நடந்தும் விற்பதற்கு அதில் சரக்கு இல்லை என்ற இந்த முடிவு சிலருக்கு அநியாயமாகப் படலாம். எனக்கு அது இந்தத் துறையில் வந்த தெளிவான முடிவுகளில் ஒன்று.

மோசடிகள் நின்றுவிடவில்லை. பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானம் தொடர்பான விவகாரத்தில் எனர்வைஸ் என்ற திரட்டு நிறுவனம் 2013-ல் 7,80,000 டாலர் அபராதம் கட்டியது. மைதானத்தின் விளக்குகளை ஏற்றிவைத்து அணைத்ததைக் குறைப்பாகக் காட்டியது அதில் ஒரு பகுதி. 2024-ல் வாயு உற்பத்தி நிறுவனமான லிண்டேயும் இண்டியானாவின் ஒரு மின்விநியோக நிறுவனமும் சேர்ந்து 6.67 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அங்கும் தகராறு, நடுமேற்கு மாநிலங்களின் சந்தையில் குறைப்பைக் கணக்கிட்ட விதத்தைப் பற்றியதே. இரண்டுக்கும் இடையே பத்தாண்டு. சூத்திரங்கள் நுட்பமாகிக்கொண்டே வந்தன. அடிப்படை எண் ஊதினால் இழப்பு இல்லை என்ற நிலை மட்டும் பல திட்டங்களில் மாறவில்லை.

தமிழ்நாட்டு ஆலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கின் இன்னொரு முகம் தெரியும். 2008 நவம்பர் முதல் பல ஆண்டுகள் உயரழுத்த மின் நுகர்வோருக்கு இருந்த கட்டுப்பாடுகளில், பழைய மாதங்களின் நுகர்வை வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் அடிப்படை நிர்ணயித்து அதில் 40 விழுக்காடு வரை வெட்டினார்கள். மீறினால் கூடுதல் கட்டணம். அங்கே பரிசு இல்லை, தண்டனை மட்டும். ஆனாலும் கேள்வி அதேதான். அந்த மாதங்களில் பழுதுபார்ப்புக்காக ஓடாமல் இருந்த ஆலைக்கு என்ன அடிப்படை? புதிதாக விரிவாக்கிய ஆலைக்கு? முன்பே சிக்கனமாக ஓடிய ஆலை, வீணடித்த ஆலையைவிடக் குறைவான ஒதுக்கீடு பெறுவது எந்த நியாயம்?

இப்போது இந்தியா இதே பாதையில் முறையாக நுழைகிறது. டெல்லியிலும் மும்பையிலும் டாடா பவர் சோதனைத் திட்டங்கள் நடத்தியிருக்கிறது. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் தேவை நெகிழ்வுக்கென்றே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அளப்பதும் சரிபார்ப்பதும் அதன் தலைப்பிலேயே இருக்கின்றன. மறுபுறம், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்கு 2024 ஏப்ரல் முதல் நேரத்துக்கேற்ற கட்டணம் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. உச்ச நேரத்தில் விலை கூடும், பகல் வெயிலில் குறையும். இதற்கு அடிப்படை எண்ணே வேண்டாம், மீட்டர் போதும். குறைத்தவர் தானாகவே மிச்சப்படுத்துகிறார். நேரக் கட்டணத்தால் சாதிக்க முடிந்த இடத்தில் குறைப்புக்குப் பரிசுத் திட்டம் கொண்டுவருவது, தேவையில்லாத ஒரு தகராறை விலைகொடுத்து வாங்குவது.

நேரக் கட்டணம் போதாத இடங்கள் உண்டு. திடீரென்று ஒரு மின்நிலையம் நின்றுபோனால், அரை மணிக்குள் இறங்கத் தயாராக இருக்கும் ஆலைகள் வேண்டும். அவர்களோடு ஒப்பந்தமும் வேண்டும். அப்படி ஒப்பந்தம் எழுதும் மாநில ஆணையங்களும் விநியோக நிறுவனங்களும் மட்டத்தை வாங்கட்டும். குறைப்பை வாங்க வேண்டாம். குறைப்பைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், சூத்திரத்தைக் கையெழுத்துக்கு முன்பே அந்த ஆலையின் பழைய தரவுகளில் ஓட்டிப்பார்த்துப் பிழையை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். சொந்த ஜெனரேட்டருக்குத் தனி மீட்டர் வைக்கட்டும். தொகுப்பின் அளவில் கணக்குப் போடட்டும். கொடுத்த பணத்தையும் கணக்கிட்ட முறையையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்தப் பணம் மின்கட்டணம் கட்டும் எல்லோருடைய பையிலிருந்தும் போவது.